ஆய்விதழில் கட்டுரை வெளியிடும்போது யார் எதற்குப் பொறுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவோரும், வந்த கட்டுரையை மதிப்பாய்வு செய்வோரும், புதிதாக இதழ்ப் பொறுப்பை ஏற்போரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஆய்வைச் செய்து எழுதுபவர் கட்டுரையாளர். இதழ் சார்பில் முடிவெடுப்பவர் பதிப்பாசிரியர். அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்பவர் மதிப்பாய்வாளர். கட்டுரையாளர்கள் சார்பில் இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருப்பவர் தொடர்பாளர்.

இதழ் அலுவலகங்களுக்கு வரும் சச்சரவுகளில் பல, ஆய்வு தொடங்கிய அன்றே நாலு வரி எழுதி வைத்திருந்தால் வந்தே இருக்காது. அதனால் எதை, எப்போது, யாரிடம் எழுதி வாங்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசுகிறோம்.

யார் பெயரைக் கட்டுரையாளராகப் போடலாம்?

மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளைத்தான் இன்று பல துறைகளும் பின்பற்றுகின்றன. ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவு திரட்டுவதிலோ, அதைப் பகுத்துப் பொருள் காண்பதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது உள்ளடக்கத்தைத் தொட்டுத் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரையின் எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் பதில் கிடைக்கச் செய்யும் பொறுப்பை ஏற்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை 2013இல் சேர்க்கப்பட்டது. நான்கும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால்தான் அவர் கட்டுரையாளர்.

நிதி வாங்கித் தந்தவர், கருவியை இரவல் தந்தவர், ஆய்வகத்துக்குத் தலைமை வகிப்பவர், மொழிநடையைச் செம்மை செய்தவர் ஆகியோரை அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் கட்டுரையாளர் பட்டியலில் சேர்க்க முடியாது. அவர்களுக்கான இடம் நன்றியுரை. நன்றியுரையில் பெயர் போடவும் அவர்களிடம் அனுமதி கேட்டு வாங்குங்கள். ஆய்வின் முடிவை அவரே வழிமொழிகிறார் என்று படிப்பவர் நினைத்துக்கொள்ள இடமுண்டு.

இதே நிபந்தனைகளைத் தலைகீழாகப் பிடித்து ஆளை வெட்டிவிடுவதும் நடக்கிறது. ஆறு மாதம் தரவு திரட்டிய இளநிலை ஆய்வாளருக்குக் கட்டுரை வரைவையே காட்டாமல் இருந்துவிட்டு, "நீங்கள் எழுதவில்லையே" என்று பெயரை நீக்குவார்கள். முதல் நிபந்தனையை நிறைவு செய்தவருக்கு இரண்டாவதையும் மூன்றாவதையும் நிறைவு செய்ய வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்று அந்த வழிகாட்டியே சொல்கிறது.

பெயர் வரிசையை எப்படி முடிவு செய்வது?

இது துறைக்குத் துறை மாறும். உயிர்மருத்துவத் துறைகளில் அதிகம் உழைத்தவர் முதலிலும் வழிநடத்தியவர் கடைசியிலும் வருவது வழக்கம். கணிதத்திலும் பொருளியலிலும் பெரும்பாலும் அகர வரிசைதான். இருவேறு துறையினர் சேர்ந்து எழுதும்போது இதனால்தான் மனக்கசப்பு வருகிறது. கடைசிப் பெயரை ஒருவர் மரியாதையாக நினைப்பார், இன்னொருவர் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்.

தரவு திரட்டத் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: யார் யார் கட்டுரையாளர், என்ன வரிசை, யார் தொடர்பாளர், வேலைப் பங்கீடு மாறினால் வரிசையை எப்போது மறுபடி பேசுவது. எல்லோரும் "சரி" என்று பதில் போட்டால் போதும். பங்களிப்பைக் குறிக்க 14 வகைகள் கொண்ட 'கிரெடிட்' என்ற பொதுப் பட்டியல் இருக்கிறது. கருத்துருவாக்கம், முறையியல், மென்பொருள், தரவு மேலாண்மை, முதல் வரைவு, மேற்பார்வை என்று பிரித்துச் சொல்லும் அந்தப் பட்டியலைப் பல இதழ்கள் கட்டாயமாகவே கேட்கின்றன. கட்டுரையை அனுப்பும் நாளில் நினைவிலிருந்து நிரப்புவதைவிட, வேலை நடக்கும்போதே நிரப்பிக்கொண்டு வருவது நல்லது.

அனுப்பிய பிறகு பெயர் சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமானால், சேர்பவர், நீங்குபவர் உட்பட எல்லோரும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். கட்டுரை ஏற்கப்பட்ட பின் முன்பின் தெரியாத இரண்டு பெயர்கள் திடீரென்று முளைத்தால் பதிப்பாசிரியர் நிமிர்ந்து உட்காருவார். கட்டுரையாளர் இடத்தைக் காசுக்கு விற்கும் 'கட்டுரை ஆலைகள்' வேலை செய்யும் விதம் அதுதான்.

துறைத் தலைவர் தன் பெயரைப் போடச் சொல்கிறார். எப்படி மறுப்பது?

நேரடியாக மறுத்துவிட்டு அதன் விளைவைத் தாங்கும் நிலையில் எல்லோரும் இருப்பதில்லை. மோதாமல் பேச ஒரு வழி உண்டு. இதழின் பங்களிப்புப் படிவத்தை அவருக்கு அனுப்பி, "ஐயா, உங்கள் பெயருக்கு நேரே எந்தப் பங்கைக் குறிக்கட்டும்? மூலத் தரவையும் இறுதி வரைவையும் இத்துடன் இணைத்திருக்கிறேன், பார்த்து ஒப்புதல் தாருங்கள்" என்று எழுதுங்கள். கேள்வியை இதழே கேட்பது போல ஆகிவிடும். அவர் உண்மையிலேயே படித்துத் திருத்தித் தந்தால் பிரச்சினை பாதி குறைந்தது. எந்தப் பங்கும் இல்லை என்று அவருக்கே தெரிந்தால், நன்றியுரைக்கு நகர வாய்ப்பு அதிகம். அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் நிறுவனத்தில் ஆய்வு நேர்மைக்குப் பொறுப்பான அலுவலரிடம் இந்த மின்னஞ்சலோடுதான் போக வேண்டும். இதழ் இந்த வழக்கைத் தீர்த்துவைக்காது. யார் என்ன வேலை செய்தார் என்று விசாரிக்கும் அதிகாரம் நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு.

ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பலாமா?

கூடாது. இரண்டு இதழ்களின் மதிப்பாய்வாளர்களும் ஊதியமில்லாமல் வேலை செய்கிறார்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இரண்டு இடத்திலும் வெளியானால் ஒரே ஆய்வு இரண்டு ஆய்வாகக் கணக்கில் ஏறிவிடும் என்பது. ஒரு மருந்தைப் பற்றிய எல்லா ஆய்வுகளையும் தொகுத்துக் கணக்கிடுபவர் அதே 100 நோயாளிகளை 200 என்று எடுத்துக்கொள்வார். மருந்து உண்மையில் இருப்பதைவிட நன்றாக வேலை செய்வது போலத் தெரியும்.

மாநாட்டுச் சுருக்கம், பட்ட ஆய்வேடு, ப்ரீபிரின்ட் (மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் போடும் வரைவு) ஆகியவற்றைப் பெரும்பாலான இதழ்கள் முன்வெளியீடாகக் கருதுவதில்லை. ஆனால் அனுப்பும் கடிதத்தில் அவற்றைச் சொல்லிவிட வேண்டும். வேறு மொழியில் மறுபடி வெளியிட இரு பதிப்பாசிரியர்களின் ஒப்புதலும், இது முன்பு எங்கே வந்தது என்ற அடிக்குறிப்பும் தேவை.

முதல் இதழ் தாமதம் செய்கிறது என்றால் திரும்பப் பெறும் கடிதம் அனுப்பி, அவர்கள் உறுதி செய்து பதில் தந்த பிறகே அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். கடிதம் அனுப்பிய அன்றே அடுத்த இடத்தில் பதிவேற்றிவிட்டு, இரண்டு வாரம் கழித்து முதல் இதழிலிருந்து ஏற்புக் கடிதம் வந்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

ஓர் ஆய்விலிருந்து எத்தனை கட்டுரை எடுக்கலாம்?

எண்ணிக்கைக்கு விதி இல்லை. பெரிய தரவுத் தொகுப்பிலிருந்து பத்துக் கட்டுரைகள்கூட நியாயமாக வரலாம். அதே மாதிரி, அதே முறை, ஒன்றோடொன்று பிணைந்த கேள்வி என்று இருப்பதைக் கூறுபோட்டு, ஆண்களுக்கு ஒரு கட்டுரை, பெண்களுக்கு ஒரு கட்டுரை என்று விற்பதுதான் தவறு. ஒன்றைப் படிக்காமல் இன்னொன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது என்றால் அவை ஒரே கட்டுரையாகத்தான் வந்திருக்க வேண்டும். பிரிப்பதற்கு உண்மையான காரணம் இருந்தால் தொடர்புடைய கட்டுரைகளை மேற்கோள் காட்டி, அவற்றின் பிரதிகளையும் பதிப்பாசிரியருக்கு இணைத்து அனுப்புங்கள். மறைக்காத வரை இதில் பெரிய சிக்கல் வருவதில்லை.

ஒப்புமை சோதனையில் எத்தனை சதவீதம் வரை பரவாயில்லை?

அப்படி ஒரு பாதுகாப்பான எண் கிடையாது. கட்டுரையை ஏற்கெனவே வெளியானவற்றோடு ஒப்பிடும் மென்பொருள் சொல்வது, சொற்கள் ஒத்துப்போகும் அளவை மட்டுமே. திருட்டா இல்லையா என்பது அறிக்கையைத் திறந்து படிப்பவரின் முடிவு. துணைநூற்பட்டியலும் எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் செய்முறைப் பகுதியும் சேர்ந்து 28 சதவீதம் காட்டும் கட்டுரையில் ஒரு குற்றமும் இல்லாமல் இருக்கலாம். 6 சதவீதம் காட்டும் கட்டுரையில், அந்த 6 சதவீதம் முழுவதும் ஒரே மூலத்தின் விவாதப் பகுதியிலிருந்து அப்படியே எடுத்த ஒன்றரைப் பத்தியாக இருக்கலாம். மொத்த எண்ணை விட்டுவிட்டு, ஒரே மூலத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வந்திருக்கிறது, அது கட்டுரையின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பாருங்கள்.

எண்ணைக் குறைப்பதற்காகச் சொற்களை மட்டும் மாற்றுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். கருத்து இன்னொருவருடையது என்றால் வேறு சொல்லில் எழுதினாலும் மேற்கோள் வேண்டும். வேறு மொழியிலிருந்து பெயர்த்து எழுதினாலும் அப்படித்தான். மென்பொருள் அதைப் பிடிக்காமல் விடலாம், மூலத்தைப் படித்தவர் பிடித்துவிடுவார். சொல்மாற்று மென்பொருளில் போட்டு எடுத்த கட்டுரைகளைக் கண்டுபிடிக்கும் வழியை 2021இல் கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாந்தர் மகாசினோவ் ஆகிய மூவர் காட்டினார்கள். 'செயற்கை நுண்ணறிவு' என்ற ஆங்கிலக் கலைச்சொல் 'கள்ள உணர்வு' என்று பொருள்படும்படி மாறிக் கிடந்தது. 'மார்பகப் புற்றுநோய்' 'நெஞ்சு ஆபத்து' ஆகியிருந்தது. துறையில் யாரும் எழுதாத அந்தச் சொற்றொடர்களே காட்டிக்கொடுத்துவிட்டன. இத்தகைய கட்டுரைகளும் மதிப்பாய்வைத் தாண்டித்தான் அச்சேறின என்பது இதழ்கள் வெட்கப்பட வேண்டிய செய்தி.

தன் பழைய கட்டுரையிலிருந்து எடுப்பதில் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. செய்முறையை விவரிக்கும் சில வரிகள் திரும்ப வந்தால், மேற்கோளோடு பெரும்பாலும் ஏற்பார்கள். முடிவுகளும் விவாதமும் திரும்ப வந்தால் ஏற்க மாட்டார்கள்.

படங்களில் எந்த அளவுக்குத் திருத்தம் செய்யலாம்?

வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் படம் முழுவதற்கும் ஒரே அளவில் மாற்றலாம், அதனால் எந்தத் தகவலும் மறையக் கூடாது என்ற நிபந்தனையோடு. படத்தின் ஒரு மூலையை மட்டும் வெளிறச் செய்வது, தூசி என்று நினைத்து ஒரு புள்ளியை அழிப்பது, பட்டையை நகலெடுத்து ஒட்டுவது எல்லாம் கூடாது. புரதங்களை ஜெல் என்ற கூழ்ப் பரப்பில் ஓடவிட்டுப் பிரித்து எடுக்கும் பட்டைப் படங்களில் வேறு வேறு இடத்திலிருந்த வரிசைகளைப் பக்கத்தில் சேர்த்தால், சேர்த்த இடத்தில் தெளிவாகக் கோடு போட்டு, விளக்கக் குறிப்பிலும் சொல்ல வேண்டும். ஒட்டுத் தெரியாமல் இழைப்பது படத்தை அழகாக்கும் வேலை போலத் தோன்றலாம், ஆனால் ஒரே ஜெல்லில் ஓடியவை என்று படிப்பவரை நம்பவைக்கிறது.

நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கும் உடனிருந்தோரும் 20,621 கட்டுரைகளின் படங்களைக் கண்ணாலேயே பார்த்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். 3.8 சதவீதக் கட்டுரைகளில் ஒரே படம் வேறு வேறு சோதனையின் பெயரில் திரும்ப வந்திருந்தது. அவற்றில் குறைந்தது பாதியில் வேண்டுமென்றே செய்ததற்கான அடையாளம் இருந்தது. திருப்பியோ, கவிழ்த்தோ, நகர்த்தியோ வைத்திருந்தார்கள்.

வேண்டுமென்றே செய்யாத மீதி எப்படி நடக்கிறது? 'படம்2_இறுதி', 'படம்2_இறுதி_புதியது', 'படம்2_இறுதி_புதியது_சரி' என்று மூன்று கோப்புகள். நாள் 3 படத்தை வைக்க வேண்டிய இடத்தில் நாள் 1 படம் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டுமே சாம்பல் நிறத்தில் செல்கள், எட்டு கண்கள் பார்த்தும் யாருக்கும் தெரியாது. கருவி தரும் மூலக் கோப்பின் பெயரை மாற்றாதீர்கள். கட்டுரையின் ஒவ்வொரு படத்துக்கும் நேரே மூலக் கோப்பின் பெயர், எடுத்த தேதி, செய்த திருத்தம் என்று மூன்று நெடுவரிசை கொண்ட ஓர் அட்டவணை வையுங்கள். பதிப்பாசிரியர் மூலப் படம் கேட்கும் நாளில் அந்த ஒரு பக்கம் உங்களைக் காப்பாற்றும்.

வரைபடங்களுக்கும் இது பொருந்தும். இயற்பியலாளர் யான் ஹென்ட்ரிக் ஷோனின் மோசடி 2002இல் அம்பலமானது, வேறு வேறு சோதனைகளின் வரைபடங்களில் ஒரே இரைச்சல் (அளவீட்டில் தற்செயலாக வரும் சிறு ஏற்ற இறக்கம்) மேடுபள்ளம் இருந்ததை மற்றவர்கள் கவனித்ததால்தான். இரைச்சல் இரண்டு முறை ஒரே மாதிரி வராது.

அட்டவணையில் இருக்கும் எண்களை மதிப்பாய்வாளர் எப்படிச் சோதிப்பது?

மூலத் தரவு இல்லாமலே சில சோதனைகள் செய்யலாம். எளிதானது, நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹெதர்ஸும் 2016இல் முன்வைத்த 'கிரிம்' சோதனை. 25 பேர் 1 முதல் 5 வரை முழு எண்ணில் மதிப்பெண் தந்தார்கள், சராசரி 3.47 என்று கட்டுரை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3.47ஐ 25ஆல் பெருக்கினால் 86.75. மொத்தம் முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். 86 என்றால் சராசரி 3.44, 87 என்றால் 3.48. இடையில் 3.47க்கு இடமே இல்லை. எங்கோ பிழை இருக்கிறது.

ஆனால் உடனே மோசடி என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு பேர் அந்தக் கேள்விக்குப் பதில் தராமல் 23 பேராக ஆகியிருக்கலாம். அப்படியானால் 80ஐ 23ஆல் வகுத்தால் 3.478, சுற்றினால் 3.48. அதுவும் பொருந்தவில்லை. 19 பேர் என்றால் 66ஐ 19ஆல் வகுக்க 3.47 கிடைக்கும். "இந்தச் சராசரி எத்தனை பேரின் பதிலிலிருந்து வந்தது?" என்று கேட்பதே சரியான மதிப்பாய்வுக் குறிப்பு. இரண்டு தசம இடம் தரும் கட்டுரையில் ஆள் எண்ணிக்கை 100க்குக் கீழே இருந்தால் மட்டுமே இந்தச் சோதனை பயன்படும்.

மூலத் தரவை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்? நான் பார்க்காத தரவுக்கும் நான் பொறுப்பா?

நிதி தரும் அமைப்பும் நிறுவனமும் சொல்லும் காலம் வரை வைத்திருக்க வேண்டும். பல அமைப்புகள் 10 ஆண்டு என்கின்றன. மடிக்கணினியில் மட்டும் இருப்பதைச் சேமிப்பு என்று சொல்ல முடியாது. மாணவர் ஊர் மாறிப் போன பின் தரவும் அவரோடு போய்விட்டது என்ற பதிலைப் பதிப்பாசிரியர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு விடை: ஆம். 2020இல் சர்ஜிஸ்ஃபியர் என்ற நிறுவனத்தின் மருத்துவமனைத் தரவை நம்பி எழுதிய கோவிட் கட்டுரைகள் லான்செட்டிலும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழிலும் வந்தன. தரவைச் சுதந்திரமாகத் தணிக்கை செய்யக் கேட்டபோது நிறுவனம் முழுத் தரவைத் தர மறுத்தது. இரண்டு கட்டுரைகளும் அந்த ஆண்டு ஜூன் 4ஆம் தேதி, இனி நம்பத்தக்கவை அல்ல என்ற அறிவிப்போடு திரும்பப் பெறப்பட்டன. உடன் எழுதியவர்கள் மூலத் தரவைப் பார்த்திருக்கவே இல்லை. உங்கள் பெயர் கட்டுரையில் இருந்தால், குறைந்தது நீங்களும் இன்னொருவரும் மூலத் தரவைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

நெறிமுறைக் குழு அனுமதியை ஆய்வு முடிந்த பிறகு வாங்கலாமா?

முடியாது. அனுமதி என்பதே, ஆய்வுக்கு உட்படுவோருக்கு வரக்கூடிய ஆபத்தை ஆய்வு தொடங்கும் முன் எடைபோடுவதற்குத்தான். கட்டுரையில் குழுவின் பெயர், அனுமதி எண், தேதி மூன்றும் வர வேண்டும். மனிதரிடம் ஒரு சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு என்றால் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். 2005 முதல் முன்னணி மருத்துவ இதழ்கள் இதைக் கேட்கின்றன. முடிவைப் பார்த்த பின் எதை அளந்தோம் என்பதை மாற்றி எழுதாமலிருக்க இந்தப் பதிவு.

ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பானாலும் எழுத்து ஒப்புதல் வேண்டும். முகப் படத்தில் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டால் போதும் என்ற பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. அது போதாது, வீட்டார் ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

நலமுரண் என்று எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

ஆய்வாளரின் முடிவைச் சாய்க்கக்கூடிய சொந்த ஆதாயமே நலமுரண். படிப்பவர் பிற்பாடு தெரிந்துகொண்டால் "இதை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்கக்கூடிய எதையும். நிதி, ஆலோசனைக் கட்டணம், பங்கு, காப்புரிமை, பயணச் செலவு, வழக்கில் நிபுணர் சாட்சி, குடும்பத்தாரின் வேலை. மருத்துவ இதழ்களின் பொதுப் படிவம் கடந்த 36 மாதங்களைக் கேட்கிறது. நலமுரண் இருப்பது குற்றமில்லை, அதை மறைப்பதுதான் குற்றம். ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 குழந்தைகளை வைத்து 1998இல் லான்செட்டில், தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எண்ணவைக்கும்படி எழுதிய கட்டுரையின் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. தடுப்பூசி நிறுவனங்கள் மேல் வழக்குப் போட முனைந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து அவருக்குப் பணம் வந்திருந்தது, அது கட்டுரையில் இல்லை. கட்டுரை முழுமையாகத் திரும்பப் பெறப்பட 2010 ஆனது.

மதிப்பாய்வுக்குக் கட்டுரை வந்திருக்கிறது. எதைச் செய்யக் கூடாது?

அது உங்களை நம்பித் தரப்பட்ட இரகசிய ஆவணம். பதிப்பாசிரியரிடம் கேட்காமல் மாணவரிடம் தள்ளிவிடாதீர்கள். மாணவர் உதவியிருந்தால் பெயரைச் சொல்லுங்கள், பாராட்டு அவருக்கும் சேரட்டும். சுருக்கம் எழுதித் தரச் சொல்லி உரையாடல் செயலியில் பதிவேற்றாதீர்கள், இன்னும் வெளிவராத ஒருவருடைய உழைப்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்பது உங்கள் கையில் இல்லை. உங்கள் சொந்தக் கட்டுரைகள் ஆறைச் சேர்க்கச் சொல்லி எழுதாதீர்கள். பொருத்தமான ஒன்று உண்மையிலேயே விடுபட்டிருந்தால் ஏன் தேவை என்ற காரணத்தோடு கேட்கலாம்.

நேரமில்லையா? இரண்டு நாளில் மறுத்துவிடுங்கள். ஏழு வாரம் வைத்திருந்துவிட்டு மறுப்பதைவிட அது பெரிய உதவி.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வார்த்தை: மதிப்பாய்வாளர்களைப் பரிந்துரைக்கச் சொல்லும் இதழ்களில் நிறுவன மின்னஞ்சல் முகவரியையே தாருங்கள். போலி முகவரிகள் உருவாக்கித் தன் கட்டுரையைத் தானே மதிப்பாய்வு செய்துகொண்ட கும்பல் ஒன்று 2014இல் பிடிபட்டு, அதிர்வியல் இதழ் ஒன்று 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அதிலிருந்து இலவச மின்னஞ்சல் முகவரி என்றாலே சந்தேகம்தான்.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தலாமா?

மொழியைச் சீர்செய்யப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன. எந்தக் கருவி, எதற்கு என்று சொல்ல வேண்டும். கட்டுரையாளராகப் போட முடியாது, ஏனென்றால் அது பொறுப்பேற்காது. 2023இன் தொடக்கத்திலேயே முன்னணி இதழ்களும் 'கோப்' என்ற பதிப்பு நெறிமுறைக் குழுவும் இதைத் தெளிவாக்கிவிட்டன. அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் துணைநூற்பட்டியல். இல்லாத கட்டுரைக்கு நம்பும்படியான தலைப்பு, உண்மையான இதழ்ப் பெயர், பொருந்தாத அடையாள எண் ஆகியவற்றைச் சேர்த்து அது தந்துவிடும். ஒவ்வொரு மேற்கோளின் டிஓஐ என்ற அடையாள எண்ணையும் சொடுக்கித் திறந்து, திறந்த கட்டுரை நீங்கள் சொல்வதைத்தான் சொல்கிறதா என்று பார்த்த பின் அனுப்புங்கள்.

வெளியான என் கட்டுரையில் நானே பிழை கண்டுபிடித்தேன். இனி என்ன?

முதலில் மற்றக் கட்டுரையாளர்களுக்கு எழுதுங்கள். பிழையைச் சரிசெய்து கணக்கை மறுபடி ஓட்டுங்கள். பிறகு பதிப்பாசிரியருக்கு: எந்தப் பக்கம், எந்த அட்டவணை, அங்கே இருப்பது என்ன, இருக்க வேண்டியது என்ன, முடிவு மாறுகிறதா. முடிவு மாறவில்லை என்றால் பிழைதிருத்தம் வரும். முடிவே நிற்கவில்லை என்றால் கட்டுரை திரும்பப் பெறப்படும். விசாரணை முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தால் இடைக்காலமாக எச்சரிக்கைக் குறிப்பு ஒன்றைப் போடுவார்கள்.

திரும்பப் பெற்ற கட்டுரை இணையத்திலிருந்து மறைவதில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையோடு அங்கேயே இருக்கும். யார் திரும்பப் பெற்றார், ஏன் என்பதை அறிவிப்பு சொல்ல வேண்டும், கட்டணமில்லாமல் படிக்கக் கிடைக்க வேண்டும். "கட்டுரையாளரின் வேண்டுகோளின்படி" என்று மட்டும் எழுதும் அறிவிப்பு யாருக்கும் உதவாது. நேர்மையான பிழையைத் தானே சொன்னவரையும் தரவைப் புனைந்தவரையும் ஒரே தட்டில் வைத்துவிடும். நேர்மையான பிழை என்றால் அந்தச் சொல்லையே அறிவிப்பில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2023இல் மட்டும் உலகெங்கும் 10,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் 8,000க்கு மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை, பெரும்பகுதி சிறப்பிதழ்களில். அந்த வெள்ளத்தில் நேர்மையான பிழைகள் அடித்துச் செல்லப்படக் கூடாது.

இன்னொருவர் கட்டுரையில் ஐயம் இருக்கிறது. யாரிடம், எப்படிச் சொல்வது?

இதழின் பதிப்பாசிரியரிடம். ஓர் அட்டவணை போட்டு அனுப்புங்கள்: இடப்பக்கம் ஐயத்துக்குரிய பகுதி, வலப்பக்கம் அதன் மூலம், இரண்டுக்கும் பக்க எண். படம் என்றால் ஒத்த பகுதிகளைக் கட்டமிட்டுக் காட்டுங்கள். "திருடன்", "மோசடி" போன்ற சொற்கள் வேண்டாம். நோக்கம் என்ன என்பது உங்களுக்குத் தெரியாது, ஒப்புமை மட்டும்தான் தெரியும். பெயர் சொல்ல விரும்பாவிட்டாலும், ஆதாரம் குறிப்பாக இருந்தால் பதிப்பாசிரியர் அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே கோப் அமைப்பின் நிலை. 1997இல் தொடங்கிய அந்த அமைப்பு ஒவ்வொரு வகைச் சிக்கலுக்கும் படிப்படியான வழிகாட்டி வைத்திருக்கிறது. கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்பார்கள், பதில் திருப்தி தராவிட்டாலோ வராவிட்டாலோ அவருடைய நிறுவனத்துக்கு எழுதுவார்கள். மாதங்கள் ஆகும், சில நேரம் ஆண்டுகள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை நிலவரம் கேட்டு எழுதுவதில் தவறில்லை.

பதிப்பாசிரியருக்கு யார் கடிவாளம்?

இதழின் விதிகள் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தால் அவையே. தன் கட்டுரையையோ, தன் மாணவர், தன் துறையைச் சேர்ந்தவர் கட்டுரையையோ அவர் கையாளக் கூடாது, வேறொருவரிடம் முழுமையாக விட்டுவிட வேண்டும். "நம் இதழிலிருந்து இன்னும் ஐந்து மேற்கோள் சேருங்கள்" என்று கேட்பது இதழின் தாக்கக் குறியீட்டை (அதன் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவை) ஊதிப் பெரிதாக்கும் வேலை. எந்தக் கட்டுரை என்று குறிப்பிடாமல் எண்ணிக்கை மட்டும் கேட்டால் சந்தேகமே வேண்டாம். சேர்க்க மறுக்கலாம், பதிப்பகத்துக்கோ கோப் அமைப்புக்கோ புகார் தரலாம். கட்டுரை நிராகரிக்கப்பட்டதற்கு மேல்முறையீடு செய்யலாம், ஆனால் மதிப்பாய்வாளர் செய்த தெளிவான பிழையைக் காட்ட முடிந்தால் மட்டும்.

இதழே போலியாக இருந்தால்?

2013இல் பத்திரிகையாளர் ஜான் பொஹானன் வேண்டுமென்றே ஓட்டை வைத்து எழுதிய ஒரு கட்டுரையை யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. எனவே அனுப்பும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆசிரியர் குழுவில் இருவரின் நிறுவனப் பக்கத்துக்குப் போய், அவர்கள் இந்த இதழைக் குறிப்பிடுகிறார்களா என்று பாருங்கள். கட்டணம் எவ்வளவு என்று அனுப்பும் முன்பே தெரிகிறதா? கடைசி இரண்டு இதழ்களில் உங்கள் துறைக் கட்டுரை ஒன்றைப் படியுங்கள், மதிப்பாய்வு நடந்ததா என்று உங்களுக்கே தெரியும். நல்ல இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண்ணையும் அப்படியே திருடி நடத்தும் போலித் தளங்களும் உண்டு. அதனால் தேடுபொறியில் வரும் முதல் இணைப்பை நம்பாமல், நூலகத் தரவுத்தளம் வழியாக இதழின் தளத்துக்குப் போங்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள், பணம் கட்டாதீர்கள், எழுத்தில் திரும்பப் பெறுங்கள். திரும்பப் பெறவே கட்டணம் கேட்டால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இதழுக்கு அனுப்பும்போது, நடந்ததைச் சொல்லி அதையும் இணைக்க வேண்டியிருக்கும்.

மதிப்பாய்வு நடக்கும்போது கட்டுரையாளர் ஒருவர் இறந்துவிட்டால் அவர் பெயரை எடுத்துவிட வேண்டுமா?

வேண்டாம். இறுதி ஒப்புதல் தர அவர் இல்லை என்பதால் மட்டும் அவர் உழைப்பு இல்லாமல் போய்விடாது. பெயருக்குப் பக்கத்தில் சிலுவைக் குறி போட்டு, மறைந்த தேதியை அடிக்குறிப்பில் தருவது வழக்கம். அவர் செய்த பகுதிக்கு யார் பதில் சொல்வார் என்று தொடர்பாளர் பதிப்பாசிரியருக்கு எழுத வேண்டும், நலமுரண் அறிக்கையைத் தமக்குத் தெரிந்த அளவில் மற்றவர்கள் நிரப்ப வேண்டும். பதிப்புரிமைக் கையெழுத்து தேவைப்படும் இதழ் என்றால் அவர் குடும்பத்தாரிடமோ சட்டப் பிரதிநிதியிடமோ வாங்க வேண்டியிருக்கும், அதைப் பதிப்பகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.